கஞ்சியில் கரைத்த மாத்திரை

கோகிலவாணிக்கு மலை ஏறினால் வாந்தி வரும். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பிறந்து, காரவள்ளியிலேயே ஒரு கொத்தனாருக்கு வாழ்க்கைப்பட்டு, நாற்பது வயது வரை மலையை அண்ணாந்து பார்த்தே காலம் தள்ளியவள் அவள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவது தாண்டும்போதே வயிறு புரட்ட ஆரம்பிக்கும். அவள் தலையைப் பார்த்ததும் கண்டக்டர் ஜன்னலோரத்து ஆளை எழுப்பிவிடுவார்.

"எந்திரிங்க, எந்திரிங்க. எலுமிச்சம்பழத்தம்மா வந்துட்டாங்க. அப்புறம் சட்டை நனைஞ்சா என்னையச் சொல்லப்புடாது!"

பஸ்ஸே சிரிக்கும். முந்தானையில் முடிந்த பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவளும் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் மூன்று வருடமாக ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் மலை ஏறிக்கொண்டிருந்தாள் என்றால், அதற்குக் காரணம் மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டில் இருந்த மாதன்.

மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் களப்பணியாளர். மாதம் ஒருமுறை வாசலூர்பட்டியில் நடக்கும் முகாமுக்கு டாக்டர் ரமேஷ்குமார் வருவார்; மருந்து எழுதுவார். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய் நோயாளியோடு உட்கார்ந்து பேசுவது கோகிலவாணியின் வேலை. பேசுவது என்று பெயர்தான். பயிற்சியின்போது டாக்டர் சொன்னதெல்லாம் பேசாமல் இருப்பதைப் பற்றித்தான். "அறிவுரை சொல்லாதீங்க. அவங்க நம்புறதைப் பொய்னு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீங்க. வர்றேன்னு சொன்ன நாள்ல போய் நில்லுங்க. தாங்கிக்க ஒரு தோள் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். பாதி வைத்தியம் அதுதான்."

மாதனுக்கு முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே அவனைப் போல மிளகு பறிக்க ஆள் கிடையாது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கிலில், கணுவுக்குக் கணு பெருவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு அணில் போல ஏறுவான். ஆறு வருடத்துக்கு முன் அவன் காதுக்குள் யாரோ பேச ஆரம்பித்தார்கள். உன் சோற்றில் மருந்து வைக்கிறார்கள், உன்னைக் கொன்று தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அந்தக் குரல்கள் சொல்லின. மனைவி சின்னாயி ஆக்கிய களியைச் சட்டியோடு தூக்கி வாசலில் எறிந்தான். தானே தோண்டி, தானே சுட்ட மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மறுத்தான். மிளகுக் கொடிகள் ஆளின்றிக் காய்த்து உதிர்ந்தன. ஊர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே மறந்தது.

முதல் ஆறு மாதம் கோகிலவாணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து சின்னாயியோடு அவரைக்காய் உரிப்பாள். "மாதா, நான் கோகிலா வந்திருக்கேன். நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன். அடுத்த செவ்வாய் வாரேன்" என்பாள். அவ்வளவுதான். ஒரு மழைநாளில் மேலே மரம் விழுந்து பஸ் நின்றுபோக, கடைசி நாலு கிலோமீட்டரை நடந்தே வந்து, நனைந்த கோழி மாதிரி வாசலில் நின்றாள். கதவு ஒரு சாண் திறந்தது.

"பஸ்ஸு வல்லையே. எப்பிடி வந்தீங்க?"

"நடந்துதான்."

"கிறுக்கா உங்களுக்கு?"

அவன் கேட்ட விதத்தில் சின்னாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோகிலவாணியும் சிரித்தாள். கதவுக்கு உள்ளே இருந்தும் ஒரு செருமல் கேட்டது. அதன்பிறகு அவன் நிலைப்படியில் வந்து உட்கார ஆரம்பித்தான். அவளை அக்கா என்று கூப்பிட்டான். நாளடைவில் சின்னாயி ஆக்கிய கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தான். குரல்கள் என்ன சொல்கின்றன என்பதை அவளிடம் மட்டும் சொன்னான். அவள் மறுத்ததுமில்லை, ஆமாம் போட்டதுமில்லை. "அதைக் கேட்டுட்டு நாள் முச்சூடும் உக்காந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம், சாமி" என்பாள்.

எல்லாம் சரி. சின்னாயி சொன்னதை வைத்து டாக்டர் எழுதித் தந்த மாத்திரையை மட்டும் அவன் தொடவில்லை. "அதுவும் அவிய ஏற்பாடுதானுங்க அக்கா" என்று தள்ளிவிடுவான்.

போன சித்திரையில் ஒருநாள் அவன் கொடுவாளை எடுத்துக்கொண்டு சின்னாயியை மேட்டுக்காடு வரை துரத்தினான். அடுத்த செவ்வாய் சின்னாயி கோகிலவாணியின் கையைப் பிடித்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மடியைப் பிரித்தாள். காகிதத்தில் வெள்ளைப் பொடி.

"மாத்தரைய நுணுக்கிப் பொழுதெறங்கச் சாமைக் கஞ்சில போட்டுட்டனுங்க அக்கா. நாலு நாளாச்சு. நேத்து என் மூஞ்சிய நிமிந்து பாத்தாரு. கஞ்சி மட்டுமாச்சும் என் கைல வாங்கிக் குடிக்கிறாரு. தப்பாங்க?"

தப்பு. அது கோகிலவாணிக்குத் தெரியும். தெரியாமல் கொடுக்கும் மருந்து கூடாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் சின்னாயியின் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்த நாக்கு 'தப்பு' என்று சொல்லும்?

"பத்து நாளைக்கு மட்டும்" என்றாள். "தெளிவானதும் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

பத்து நாள், பத்து மாதம் ஆனது. டாக்டரிடமும் அவள் சொல்லவில்லை. மாதனே மாத்திரையை விழுங்குகிறான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

நடுவில் ஒருநாள் மாதனுக்குக் கஞ்சி கசந்தது. அடுத்த செவ்வாய் அவன் கற்பூரக் கட்டியும் தீப்பெட்டியுமாகக் காத்திருந்தான். ஒரு வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினான்.

"அக்கா, ஊர்ல ஒருத்தரும் எனக்கு நெசம் சொல்லமாட்டாங்க. நீங்க சொல்லுவீங்க. இந்த ஊட்டுச் சோத்துல ஒண்ணும் கலக்கலைன்னு இத அடிச்சு அமத்துங்க. அதுக்கப்புறம் நாங் கேக்கவே மாட்டேன்."

கீழ்நாட்டில் கோழி காணாமல் போனதற்குக்கூடக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பொய்ச் சத்தியம் செய்தவர்கள் நன்றாகவே இருந்ததையும் பார்த்திருக்கிறாள். ஒரு நல்ல காரியத்துக்காகத்தானே என்று நினைத்தாள். உள்ளங்கையை ஓங்கி எரிகிற கற்பூரத்தின் மேல் வைத்து அமர்த்தினாள். தோல் பொசுங்கியது.

மாதன் எழுந்து போய்ச் சட்டியிலிருந்த கஞ்சியை ஊற்றிக் கடகடவென்று குடித்தான். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவன் தேறினான். அதுதான் கொடுமை! பொய்யின் மேல் நின்றுகொண்டே ஒரு மனிதன் அவ்வளவு அழகாகத் தேறினான். முடி வெட்டிக்கொண்டான். ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தான். தை பிறந்ததும் மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தான். பக்கத்துத் தோட்டத்து வேல்முருகன், "ஏனப்பா மாதா, எனக்கும் நாலு மரம் பறிச்சுக் குடுக்கிறியா?" என்று கூப்பிட்டதை அவன் கோகிலவாணியிடம் மூன்று தடவை சொன்னான். "பேரு சொல்லிக் கூப்புட்டானுங்க அக்கா!"

மாசி முகாமில் டாக்டர் சின்னாயியிடம் விசாரித்தார். இன்னும் தனியாக முணுமுணுக்கிறார் என்றாள் அவள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். "ரெண்டு வாரத்துக்குத் தலை கிறுகிறுக்கும். சடார்னு எழுந்திருக்க வேண்டாம். மரம் ஏறவே கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க, கோகிலா."

"சொல்றேன் சார்" என்று தலையாட்டினாள். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. மாத்திரையே சாப்பிடவில்லை என்று நம்புகிறவனிடம் என்ன காரணம் சொல்லுவது? "கூட்டின மாத்தரைய நான் சொல்ற வரைக்கும் போடாத, சின்னாயி" என்று சொல்லி பஸ் ஏறினாள். ஆனால் புருஷன் முணுமுணுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அத்தனை நாள் பொறுத்திருக்கச் சின்னாயியால் முடியவில்லை.

அடுத்த செவ்வாய் கோகிலவாணி போனபோது மாதன் நெஞ்சில் மஞ்சள் அப்பியிருந்தான். கழுத்திலிருந்து வயிறு வரை சிராய்ப்பு.

"நேத்து உச்சிக்குப் போனதும் கண்ணு இருட்டிக்கிச்சுங்க அக்கா. கொடியக் கட்டிப் புடிச்சிட்டு அப்பிடியே சறுக்கிட்டு வந்தேன். காத்துக் கருப்பா இருக்குமோ என்னமோ. போகுது வுடுங்க. இன்னிக்கு அந்தப் பெரிய மரம் ஒண்ணு பாக்கி." அவன் சாக்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தான்.

சின்னாயி ஓடிவந்து அவள் காதோரம் சொன்னாள்: "ஏனுங்க அக்கா, சாமி உத்தரவு குடுத்துச்சுன்னு சொல்லிப்போடுங்க. பங்குனி முடியிற வரைக்கும் மரம் ஏறப்புடாதுன்னு. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."

கேட்பான். அதுதான் அவளைச் சுட்டது. அவள் என்ன சொன்னாலும் அவன் கேட்பான். இன்னொரு பொய் சொன்னால் அவன் உயிர் தப்பும். ஒரு பேச்சில் காரியம் முடிந்துவிடும். உண்மையைச் சொன்னால் மாத்திரை நிற்கும். கொடுவாள் திரும்பி வரலாம். மூன்று வருடம் ஒரே நிமிடத்தில் கரைந்து போகலாம். இவனுக்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து நம்பிக்கை; அதையும் நானே நுணுக்கிக் கஞ்சியில் கரைத்துவிட்டேனே என்று நினைத்தாள்.

அவள் ஓடினாள். அவன் மூங்கிலில் முதல் கணுவை மிதித்திருந்தான்.

"மாதா, எறங்கு. சொல்லோணும்."

"பறிச்சிட்டு வாரேன்."

"கண்ணு இருட்டினது காத்துக் கருப்பு இல்ல. மாத்திரை. உன் கஞ்சில பத்து மாசமா மாத்திரை கலந்திருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சத்தியம் பண்ணினேன்."

அவன் இறங்கினான். மெதுவாக இடுப்புச் சாக்கை அவிழ்த்தான். அறைவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. நெடுநாள் சிறையில் கிடந்தவனிடம், நீ குற்றம் செய்யவில்லை என்று யாரோ சொன்னதைப் போன்ற ஒரு வெளிச்சம்.

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல" என்றான். "சோத்துல மருந்து கலக்குறாங்கன்னு நாஞ் சொன்னேன். ஊரே சிரிச்சுது. நாஞ் சொன்னது நெசம்!"

"போன சித்திரையில இருந்து நெசம். அதுக்கு முன்னாடி இல்ல, சாமி. நீ சட்டியப் போட்டு ஒடச்சப்போ அதுல வெறும் களிதான் இருந்துது. அது நோவு. இது நாங்க செஞ்சது."

"ரெண்டையும் நான் எப்பிடிப் பிரிச்சுப் பாப்பேன்?"

அந்தக் கேள்வியின் முன்னால் அவள் கைகூப்பி நின்றாள்.

"ஊர்ல எல்லாரும் பொய்யி, நீங்க ஒருத்தராச்சும் நெசம்னுதான் வெச்சிருந்தேன்" என்றான் மாதன். "போங்க. போயிருங்க."

டாக்டரிடம் அன்று மாலையே போனில் சொல்லிவிட்டாள். "இதைப் பத்து மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "உங்களை மாத்திட்டு வேற ஆள் அனுப்பலாம். ஆனா புது ஆளைப் பார்த்தா அவர் திரும்பவும் கதவைச் சாத்திக்குவார். அடுத்த செவ்வாய் நீங்களே போங்க. பேசினாலும் போங்க, பேசாட்டியும் போங்க. கொடுவாளை மட்டும் சின்னாயியை எடுத்து வேற வீட்டுல வைக்கச் சொல்லுங்க."

போனாள். மாதன் அவளைக் கண்டதும் எழுந்து காட்டுக்குள் போய்விட்டான். மறுபடி கிழங்கைத் தானே சுட்டுத் தின்றான். அவள் வேலிக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, "நாலு மணிக்குப் போறேன். அடுத்த செவ்வாய் வாரேன்" என்று மரங்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் வாரமும் அதே. மூன்றாம் வாரம் அவன் தூக்கமில்லாத கண்களோடு தனக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சின்னாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நல்லாப் போயிட்டிருந்த மனுசனுங்க அக்கா. நெசத்தச் சொல்லி என்னத்தக் கண்டீங்க?" அந்தக் கேள்வி கோகிலவாணியோடு எழுபது வளைவும் இறங்கி வந்தது. அன்று அவளுக்குக் குமட்டக்கூட இல்லை.

நாலாவது செவ்வாய் அவன் வேலியருகே வந்தான். உட்காரவில்லை.

"கேக்குறதுக்குப் பதில் சொல்லோணும்."

"கேளு."

"போன ஐப்பசில கெடாக்குட்டி செத்துச்சே. அதுக்கும் மருந்து வெச்சீங்களா?"

"இல்ல. அது கழிச்சல். நான் பாத்தேன்."

"சின்னாயி என்னைக் கொல்லப் பாக்குறாளா?"

"இல்ல. நீ செத்துப்போயிருவியோன்னு பயந்து பொய் சொன்னா. நானும்தான்."

அவன் யோசித்தான். காதோரம் யாரையோ கையால் விலக்கினான்.

"கார்த்திகையில நம்மூருப் பாப்பாயி ஊட்டுல எனக்கு ஒரு டீ குடுத்தாங்க. ஒரு மாதிரி நாத்தம். அதுல என்ன இருந்துச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்ல அவள் நாக்கு எழுந்தது. பழகிய நாக்கு. அதைக் கடித்து நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாது, மாதா. நான் அங்க இல்ல."

அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அந்த மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். அவளுக்குத் தெரியாது என்று அவள் சொன்னதை அவன் திருப்பித் திருப்பி எடை போடுவதுபோல் இருந்தது.

"தெரியாதுன்னு நீங்க இதுக்கு முன்ன சொன்னதே இல்ல" என்றான். "செரி. அந்த மாத்தரையக் கொண்டாங்க. பாக்கோணும்."

மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதைப் புரட்டினான், முகர்ந்தான்.

"இத்தனூண்டா? இதுக்குத்தான் ரெண்டு பொம்பளைங்க பத்து மாசம் கொட்டாய்க்குப் பின்னால பேசினீங்களா?"

சின்னாயி அழுகைக்கு நடுவே பக்கென்று சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. மாத்திரையை விழுங்கவும் இல்லை. "இது என்ன செய்யும்? சொல்லுங்க. கெட்டதையும் சொல்லுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குரல்கள் தணியும் என்றாள். தலை சுற்றும், வாய் உலரும், சிலருக்குக் கை நடுங்கும் என்றாள். நாலு மணி பஸ் போனது. ஆறு மணி பஸ்ஸும் போனது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓட வேண்டியிருந்தது.

பங்குனி முகாமன்று வாசலூர்பட்டிப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். சின்னாயி முன்னால் வர, பின்னால் வெளுத்த சட்டையில் மாதன் வந்தான். ஆறு வருடமாக அவன் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

டாக்டர் வழக்கம்போலச் சின்னாயியைப் பார்த்துக் கேட்டார்: "எப்படிம்மா இருக்கார்? தூங்குறாரா?"

"டாக்டரே" என்றான் மாதன். "மரம் ஏறுறவன் நானு. கண்ணு இருட்டுனது எனக்கு. என்னையக் கேளுங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "மன்னிச்சுக்கங்க. சொல்லுங்க, மாதன்."

கோகிலவாணி பழக்கத்தில் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். "நீங்க வெளிய இருங்க அக்கா. நானே பேசிக்கிறேன்."

வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்கு வெளியே உட்காருவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இன்றைக்கு உள்ளே அவன் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, பேரம் பேசிக்கொண்டிருந்தான். "பறிப்புக் காலத்துல கம்மியாக் குடுங்க... இல்லீங்க, அவ்வளவு முடியாதுங்க... அந்தப் பேச்சுச் சத்தம் இன்னும் கேக்குது, நான் மறைக்கலீங்க..." அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இனி அவனுக்குத் தான் தேவையில்லை என்ற துக்கமா, வந்த வேலை முடிந்துவிட்ட நிறைவா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. எனக்கு உடன்பிறந்தவன் போல ஒருவன் இருந்தான், அவனை நானே ஏமாற்றினேன், அவன் என்னைத் தாண்டி நடந்துவிட்டான் என்று மட்டும் தோன்றியது.

அரைமணி கழித்து அவன் வெளியே வந்தான். மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் அவனே வைத்திருந்தான். சின்னாயி வாங்கி வைக்கக் கை நீட்டினாள், அவன் தரவில்லை.

"பழைய அளவுக்கே எறக்கிட்டாரு" என்றான் கோகிலவாணியிடம். "இந்த வருசம் மரம் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். வேல்முருகன் ஏறட்டும், நான் கீழ நின்னு காய உதுக்குறேன்."

"நல்லது, சாமி."

"செவ்வாக்கெழம வருவீங்களா?"

"வாரேன். நீ வேண்டாம்னு சொல்ற வரைக்கும் வாரேன்."

அவன் தரையைப் பார்த்தான். "எனக்குக் கோவம் இன்னும் போகலீங்க அக்கா."

"போகாட்டி இருக்கட்டும்."

"இருக்குங்கறத சொல்லிப்போட்டேன். அது இருக்கையிலேயே வாங்க."

சொல்லிவிட்டு, சின்னாயிக்கு முன்னால், வெயிலில் நீண்டு கிடந்த ரோட்டில் இறங்கி நடந்தான்.